இலண்டன் போக்குவரத்துத் தொழிலாளர் இதய நோய் ஆய்வு

இலண்டன் போக்குவரத்துத் தொழிலாளர் இதய நோய் ஆய்வு என்பது உடல் இயக்கத்திற்கும் இதய நோய்க்கும் இடையே உள்ள தொடர்பை எண்ணிக்கை அடிப்படையில் முதன்முதலாகத் தெளிவாகக் காட்டிய நோய்ப்பரவலியல் ஆய்வுகளுள் ஒன்றாகும். பிரித்தானிய மருத்துவர் ஜெரி மொரிஸ் தலைமையில் 1949 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இவ்வாய்வின் முடிவுகள் 1953 நவம்பரில் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தன. இலண்டன் நகரின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் நாள் முழுவதும் அமர்ந்து பணியாற்றிய ஓட்டுநர்களை விட, படிகளில் ஏறி இறங்கிப் பயணச்சீட்டு வழங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக ஏற்பட்டது என்பதே இதன் முதன்மையான முடிவு. இன்று உலக நலவாழ்வு அமைப்பு (உலக சுகாதார நிறுவனம்) வழங்கும் உடற்பயிற்சிப் பரிந்துரைகளுக்கு அடித்தளமாக அமைந்த ஆய்வு மரபு இதிலிருந்து வளர்ந்தது எனலாம்.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் மேற்கு நாடுகளில் தொற்றுநோய்களால் ஏற்படும் இறப்புகள் குறைந்துவந்தன. அதே காலத்தில் நடுத்தர வயது ஆண்களிடையே மாரடைப்பால் ஏற்படும் இறப்புகள் கூடிக்கொண்டே சென்றன. இதயத் தசைக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிவதும், அத்தமனிகள் அடைபடுவதும் நோயின் உடற்கூற்றுக் காரணமாக அறியப்பட்டிருந்தன. ஆனால் நோய் ஏன் பெருகுகிறது, யாருக்கு வருகிறது, யாரை விட்டுவிடுகிறது ஆகிய கேள்விகளுக்கு அக்காலத்தில் தெளிவான விடை இல்லை. அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் இதய நோய் குறித்த நெடுங்கால ஆய்வு 1948 இல்தான் தொடங்கியிருந்தது. புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு பற்றி ரிச்சர்டு டால், பிராட்போர்டு ஹில் ஆகியோரின் கட்டுரை 1950 இல் வெளியானது.

உடல் உழைப்பு இதயத்திற்கு நன்மை தருமா என்பதிலும் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இருக்கவில்லை. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களைப் பல வாரங்கள் படுக்கையிலேயே கிடத்திவைப்பது அன்றைய வழமையான சிகிச்சையாக இருந்தது.

தொழிலுக்கும் நோய்க்கும் தொடர்புண்டு என்ற எண்ணம் மட்டும் பழமையானது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ இரமாசினி 1700 ஆம் ஆண்டில் வெளியிட்ட தொழில்சார் நோய்கள் பற்றிய நூலில், தையற்காரர், செருப்புத் தைப்பவர் போன்று அமர்ந்தே பணியாற்றுவோரின் உடல்நலக் குறைகளைத் தனியாக விளக்கியுள்ளார். எனினும் ஒரே வகைப் பின்புலம் கொண்ட பெருந்தொகையான மனிதர்களை எடுத்துக்கொண்டு, எண்ணிக்கை கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் முழுமை பெற்றது.

ஜெரி மொரிஸ்

ஜெரமையா நோவா மொரிஸ் 1910 ஆம் ஆண்டு மே 6 அன்று இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வளர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியப் படையின் மருத்துவப் பிரிவில் இந்தியாவிலும் பணியாற்றினார். போருக்குப் பின்னர் பிரித்தானிய மருத்துவ ஆய்வுக் குழு 1948 இல் அமைத்த சமூக மருத்துவப் பிரிவின் இயக்குநராகப் பொறுப்பேற்று, 1975 வரை அப்பொறுப்பில் இருந்தார். 1957 இல் வெளியான இவரது நூல், நோய்ப்பரவலியலின் பயன்களை எடுத்துரைத்த முன்னோடி நூல்களுள் ஒன்று.

மொரிஸ் முதலில் இலண்டன் மருத்துவமனை ஒன்றில் 1907 முதல் 1949 வரை மேற்கொள்ளப்பட்ட பிணக்கூறாய்வுகளின் பதிவேடுகளை ஆராய்ந்தார். அக்காலப்பகுதியில் மாரடைப்பு பெருகியிருந்தது. ஆனால் தமனிச் சுவரில் கொழுப்புப் படிதல் அதே அளவில் பெருகியிருக்கவில்லை. எனவே தமனிப் படிவுக்கு அப்பால், வாழ்க்கை முறையில் ஏற்பட்ட ஏதோ ஒரு மாற்றமும் நோயைத் தூண்டுகிறது என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. பல்வேறு தொழில்களில் உள்ளோரிடையே நோயின் அளவை ஒப்பிட்டுப் பார்ப்பதே அம்மாற்றத்தைக் கண்டறியும் வழி என அவர் கருதினார்.

ஆய்வு முறை

இலண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகள் ஒவ்வொன்றிலும் இருவர் பணியாற்றினர். ஓட்டுநர் தனியறை போன்ற முன்பகுதியில் அமர்ந்து, பணிநேரத்தின் பெரும்பகுதியை இருக்கையிலேயே கழித்தார். நடத்துநர் கீழ்த்தளத்திலும் மேல்தளத்திலும் மாறி மாறிச் சென்று பயணச்சீட்டு வழங்கினார். ஒரு பணிநாளில் ஒரு நடத்துநர் ஏறிய படிகள் ஏறத்தாழ 500 முதல் 750 வரை எனக் கணக்கிடப்பட்டது.

இவ்விரு பிரிவினரும் ஒரே நிறுவனத்தில், ஒரே வண்டியில், ஒரே நேர முறையில் பணியாற்றினர். அவர்களின் சமூகப் பின்புலமும் பெரிதும் வேறுபடவில்லை. செல்வரையும் வறியவரையும் ஒப்பிட்டால் உணவு, வீடு, கல்வி, மருத்துவ வசதி என எல்லாமே வேறுபடும். நோயின் அளவில் தென்படும் வேறுபாடு எதனால் வந்தது என்று கூற இயலாது. இங்கோ பெரும்பாலானவை ஒத்திருக்க, பணியின்போது உடல் இயங்கும் அளவு மட்டும் பெரிதும் வேறுபட்டது. ஆய்வின் வலிமை இத்தேர்வில்தான் அடங்கியிருந்தது.

35 முதல் 64 வயது வரையான சுமார் 31,000 ஆண் தொழிலாளர்கள் ஆய்வில் உள்ளடக்கப்பட்டனர். பேருந்துகள் மட்டுமன்றி டிராம், டிராலிபேருந்து, சுரங்கத் தொடருந்து ஆகியவற்றின் பணியாளர்களும் இதில் அடங்குவர். யாருக்கும் புதிதாக எந்தச் சோதனையும் நடத்தப்படவில்லை. 1949, 1950 ஆகிய இரு ஆண்டுகளில் நோய்விடுப்பு, ஓய்வு, இறப்பு ஆகியவை குறித்து இருந்த பதிவுகளே திரட்டப்பட்டன. லான்செட் கட்டுரையில் மொரிசுடன் ஹெடி, ராஃபிள், ராபர்ட்ஸ், பார்க்ஸ் ஆகியோர் இணையாசிரியர்களாக இருந்தனர். இவர்களுள் ராஃபிள் இலண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் மருத்துவர் ஆவார்.

முடிவுகள்

ஆய்வின் முதன்மையான முடிவுகள் பின்வருமாறு:

• வயது வேறுபாட்டைச் சரிசெய்த பின்னர், ஆண்டொன்றுக்கு 1,000 ஓட்டுநர்களில் 2.7 பேருக்கும், 1,000 நடத்துநர்களில் 1.9 பேருக்கும் இதயத் தமனி நோய் புதிதாகத் தோன்றியது. அதாவது நடத்துநர்களுக்கு நோய் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு.
• நடத்துநர்களுக்கு நோய் வந்தபோது, அது பெரும்பாலும் நடக்கும்போது தோன்றும் நெஞ்சுவலி போன்ற மென்மையான வடிவில் முதலில் வெளிப்பட்டது.
• ஓட்டுநர்களிடையே நோயின் முதல் அறிகுறியே மாரடைப்பாகவோ திடீர் இறப்பாகவோ அமைவது கூடுதலாக இருந்தது. நோய் தோன்றியதும் உடனடியாக இறப்போரின் பங்கும் ஓட்டுநர்களிடையே அதிகம்.

1,000 பேருக்கு 0.8 என்ற வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். 10,000 பேர் கொண்ட ஒரு தொழிலில் அது ஆண்டுக்கு எட்டுப் பேரைக் குறிக்கும். அவர்கள் 35 முதல் 64 வயதுக்குள் இருக்கும், குடும்பத்தைத் தாங்கும் பருவத்தினர். இவ்வாறு ஒரு தனிமனிதருக்குச் சிறிதாகத் தோன்றும் இடர்வேறுபாடு ஒரு மக்கள்தொகைக்குப் பெரிதாவது பொதுச் சுகாதாரத்தின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்றாகும்.

அஞ்சல் ஊழியர் ஒப்பீடு

பேருந்துகளிலிருந்து கிடைத்த எண்களை மட்டும் கொண்டு மொரிஸ் குழுவினர் முடிவுக்கு வந்துவிடவில்லை. நெரிசல் மிகுந்த நகரச் சாலைகளில் வண்டி ஓட்டுவதால் ஏற்படும் மன அழுத்தமே ஓட்டுநர்களின் நோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும். அவ்வாறாயின் படி ஏறுவதற்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்றாகிவிடும்.

இந்த ஐயத்தைத் தீர்க்க அவர்கள் அஞ்சல் துறையை நாடினர். நடந்தும் மிதிவண்டியிலும் சென்று கடிதங்களை வழங்கிய அஞ்சற்காரர்களும், அதே துறையில் அமர்ந்து பணியாற்றிய தொலைபேசி இணைப்பாளர்களும் எழுத்தர்களும் ஒப்பிடப்பட்டனர். இங்கும் அஞ்சற்காரர்களுக்கே நோய் குறைவாக இருந்தது. சாலை நெரிசலோடு தொடர்பற்ற தொழிலிலும் அதே போக்கு தென்பட்டதால், உடல் இயக்கமே காரணம் என்ற கருதுகோள் வலுப்பெற்றது. அப்போதும் ஆய்வாளர்கள் இதனை மெய்ப்பிக்கப்பட்ட உண்மையாக அல்லாமல், மேலும் சோதிக்கப்பட வேண்டிய கருதுகோளாகவே முன்வைத்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஐயங்களும் மறுஆய்வுகளும்

ஆய்வுக்கு எதிராக எழுந்த முதன்மையான வாதம் தெரிவு பற்றியது. பருமனானவர்கள் அமர்ந்து செய்யும் ஓட்டுநர் பணியையும், மெலிந்தவர்கள் நடத்துநர் பணியையும் தாமே தேர்ந்தெடுத்திருக்கலாம். அப்படியாயின் பணி உடலை மாற்றவில்லை. உடல்தான் பணியைத் தேர்ந்தெடுத்தது.

மொரிஸ் குழுவினரே இவ்வாதத்தைச் சோதனைக்கு உட்படுத்தினர். நிறுவனம் ஊழியர்களுக்கு வழங்கிய சீருடைகளின் அளவுகள் பதிவேட்டில் இருந்தன. அவற்றிலிருந்து காற்சட்டைகளின் இடுப்பளவை எடுத்து ஒப்பிட்ட கட்டுரை 1956 இல் லான்செட் இதழில் வெளியானது. ஓட்டுநர்களின் இடுப்பளவு நடத்துநர்களின் அளவை விடப் பெரிதாக இருந்தது. இளம் வயதினரிடையேயும் இவ்வேறுபாடு காணப்பட்டதால், தெரிவு என்ற வாதத்தில் ஓரளவு உண்மை இருப்பது தெரிந்தது. ஆயினும் ஒரே இடுப்பளவு கொண்டவர்களை மட்டும் ஒப்பிட்டபோதும் நடத்துநர்களிடையே திடீர் இறப்பு குறைவாகவே இருந்தது. ஆகவே உடற்பருமன் வேறுபாட்டை முழுமையாக விளக்கவில்லை.

1958 இல் வெளியான மற்றோர் ஆய்வில், பிரித்தானியா முழுவதிலும் இருந்து பிணக்கூறாய்வு முடிவுகள் திரட்டப்பட்டன. தமனிச் சுவரில் கொழுப்புப் படிதல் எல்லாத் தொழிலினரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. ஆனால் இதயத் தசை பெருமளவில் பாதிக்கப்பட்டு ஆறிய தழும்புகள், இலகுவான பணி செய்தோரிடம் மிகுதியாகவும், கடின உழைப்பாளரிடம் குறைவாகவும் காணப்பட்டன. உடல் இயக்கம் தமனிப் படிவை முற்றிலும் தடுக்காவிடினும், அதன் விளைவுகளிலிருந்து இதயத்தைக் காக்கிறது என இதனால் கருதப்பட்டது.

1966 இல் வெளியான தொடராய்வில் பேருந்துத் தொழிலாளர்களின் குருதி அழுத்தமும் கொலஸ்டிரால் அளவும் நேரடியாக அளக்கப்பட்டன. அவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் ஓட்டுநர்களுக்கு நோய் கூடுதலாகவே இருந்தது.

ஓய்வுநேர உடற்பயிற்சி பற்றிய ஆய்வு

1960களில் உடல் உழைப்பு மிகுந்த பணிகள் குறைந்துவந்தன. பணியில் கிடைத்த இயக்கம் இல்லாமற்போனால், ஓய்வு நேரத்தில் செய்யும் பயிற்சி அதனை ஈடுசெய்யுமா என்பது அடுத்த கேள்வியாக எழுந்தது. இதற்கென மொரிஸ் மேசைப்பணியில் இருந்த அரசு அலுவலர்களைத் தேர்ந்தெடுத்தார். 1968 முதல் 1970 வரை, 40 முதல் 64 வயது வரையான 16,882 ஆண் அலுவலர்கள், தாம் முந்தைய வெள்ளி, சனி ஆகிய இரு நாட்களில் செய்தவற்றைத் திங்கட்கிழமை காலையில் எழுதித் தந்தனர். தோட்ட வேலை, நடை, நீச்சல், மிதிவண்டிப் பயணம் என அனைத்தும் அதில் பதிவாயின.

1973 இல் வெளியான முதல் முடிவின்படி, பின்னர் இதய நோய்க்கு ஆளானோரில் 11 விழுக்காட்டினரே தீவிர உடற்பயிற்சி செய்திருந்தனர். நோய்க்கு ஆளாகாத ஒப்பீட்டுக் குழுவினரில் இது 26 விழுக்காடாக இருந்தது. தீவிரப் பயிற்சி செய்தோருக்கு நோய் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களுக்கு உள்ளதில் மூன்றில் ஒரு பங்காகக் கணிக்கப்பட்டது.

9,376 அலுவலர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 1990 இல் வெளியான மற்றோர் ஆய்வு மேலும் ஒன்றைத் தெளிவாக்கியது. இளமையில் விளையாட்டு வீரராக இருந்து பின்னர் பயிற்சியை நிறுத்திவிட்டவர்களுக்குப் பாதுகாப்பு எதுவும் எஞ்சவில்லை. தொடர்ந்து செய்வோருக்கு மட்டுமே பயன் கிட்டியது.

அமெரிக்க ஆய்வுகள்

அமெரிக்க மருத்துவர் ரால்ஃப் பாஃபென்பார்கர் (1922–2007) இதே வழியில் இரு பெரும் ஆய்வுகளை மேற்கொண்டார். முதலாவது, சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர்கள் 6,351 பேரை 22 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தது. 1975 இல் வெளியான இவ்வாய்வின்படி, கடின உழைப்புப் பிரிவில் இதயத் தமனி நோயால் ஏற்பட்ட இறப்பு 10,000 ஆள்-ஆண்டுகளுக்கு 26.9 ஆகவும், நடுத்தர, இலகுவான உழைப்புப் பிரிவுகளில் முறையே 46.3, 49.0 ஆகவும் இருந்தது.

இரண்டாவது ஆய்வு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர்களைப் பற்றியது. 16,936 பேரைக் கொண்ட இதன் முடிவுகள் 1986 இல் வெளியாயின. நடை, படி ஏறுதல், விளையாட்டு ஆகியவற்றில் வாரத்திற்கு 2,000 கிலோகலோரி அல்லது அதற்கு மேல் செலவிட்டோரின் இறப்பு வீதம், குறைவாக இயங்கியோரை விட நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாக இருந்தது. கல்லூரி நாட்களில் சிறந்த வீரராக இருந்தும் பின்னர் இயக்கத்தைக் கைவிட்டோர் அப்பயனை இழந்தனர் என்பதை இவ்வாய்வும் காட்டியது.

உடல் இயக்கம் பாதுகாக்கும் முறை

உடல் இயக்கம் ஒரே வழியில் அன்றிப் பல வழிகளில் இதயத்தைக் காக்கிறது. அவற்றுள் சில:

• குருதிக்குழாய்: இயங்கும்போது கூடுதலாகப் பாயும் குருதி, குழாயின் உட்சுவரைத் தூண்டி நைட்ரிக் ஆக்சைடு சுரக்கச் செய்கிறது. இதனால் குழாய் விரிவடைகிறது. குருதி அழுத்தம் தணிகிறது.
• இதயத் துடிப்பு: பயிற்சி பெற்ற இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான குருதியை வெளியேற்றும். எனவே ஓய்வின்போது குறைவாகத் துடித்தே தேவையை நிறைவு செய்கிறது.
• சர்க்கரை: இயங்கும் தசைகள் குருதியிலிருந்து குளுக்கோசை உள்ளெடுக்கின்றன, இன்சுலினுக்கு உடல் எதிர்வினையாற்றும் திறன் கூடுகிறது. இதனால் இரண்டாம் வகை நீரிழிவு ஏற்படும் வாய்ப்புக் குறைகிறது.
• கொழுப்பு: நல்ல கொலஸ்டிரால் என அழைக்கப்படும் உயரடர்த்திக் கொழுப்புப்புரதத்தின் அளவு கூடுகிறது.

இவற்றுள் பல, பயிற்சியை நிறுத்திய சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். முன்னாள் வீரர்களுக்குப் பாதுகாப்பு எஞ்சாததன் காரணம் இதுவே எனலாம்.

கடின உழைப்பும் உடற்பயிற்சியும்

இலண்டன் ஆய்வின் முடிவைக் கொண்டு, உடல் உழைப்பு எதுவாயினும் நன்மை தரும் எனக் கருதிவிடக் கூடாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018 இல் வெளியான ஓர் ஆய்வில், உடலுழைப்பு மிகுந்த பணிகளில் உள்ள ஆண்களுக்கு முன்கூட்டியே இறக்கும் வாய்ப்பு, உழைப்புக் குறைந்த பணியில் உள்ளோரை விட 18 விழுக்காடு அதிகம் எனக் கண்டறியப்பட்டது. நீண்டநேரம் பளு தூக்குவதும், ஒரே நிலையில் நிற்பதும், போதிய ஓய்வு இல்லாமையும் குருதி அழுத்தத்தை உயர்ந்த நிலையிலேயே வைத்திருப்பது இதற்கு ஒரு விளக்கமாகக் கூறப்படுகிறது. உழைப்பாளர்களின் வறுமை, புகைபிடித்தல் போன்றவையே காரணம் என்போரும் உளர்.

நடத்துநரின் பணி இத்தகையது அன்று. அவர் சிறிது ஏறினார், சிறிது நடந்தார், இடையிடையே நின்றார். கால்களின் பெரிய தசைகள் விட்டுவிட்டு இயங்கின. நாள் முழுதும் மூட்டை சுமக்கும் தொழிலாளிக்கு மேலும் உழைப்பைப் பரிந்துரைப்பது பொருத்தமற்றது. அவருக்குத் தேவை ஓய்வும், பணிச்சூழல் மேம்பாடும் ஆகும்.

தற்காலப் பரிந்துரைகள்

உலக நலவாழ்வு அமைப்பு 2020 இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் முதன்மையான கூறுகள்:

• வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான இயக்கத்திலோ, 75 முதல் 150 நிமிடங்கள் தீவிர இயக்கத்திலோ ஈடுபட வேண்டும். விரைவான நடை மிதமான இயக்கத்திற்கு எடுத்துக்காட்டு.
• வாரத்தில் இரு நாட்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி தேவை.
• 5 முதல் 17 வயது வரையானோருக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிட இயக்கம் தேவை.
• 65 வயதைக் கடந்தோர் கீழே விழுவதைத் தவிர்க்க, உடற்சமநிலைப் பயிற்சிகளையும் வாரத்தில் மூன்று நாட்களேனும் செய்ய வேண்டும்.
• அமர்ந்திருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். சிறிதளவு இயக்கமும் முற்றிலும் இயங்காமையை விட மேலானது.

2024 இல் வெளியான மதிப்பீட்டின்படி, 2022 ஆம் ஆண்டில் உலகின் வயது வந்தோரில் 31 விழுக்காட்டினர், அதாவது சுமார் 180 கோடிப் பேர், இந்த அளவை எட்டவில்லை. இந்தியாவில் இது ஏறத்தாழ 50 விழுக்காடாக இருந்தது.

தாக்கம்

அமெரிக்க இதயச் சங்கம் 1992 இல் உடல் இயக்கமின்மையை, புகைபிடித்தல், உயர் குருதி அழுத்தம், மிகை கொலஸ்டிரால் ஆகியவற்றுடன் இதய நோயின் முதன்மையான இடர்க்காரணிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. 1996 இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு விளையாட்டு அறிவியலுக்கென ஏற்படுத்திய பரிசு, முதன்முறையாக மொரிசுக்கும் பாஃபென்பார்கருக்கும் இணைந்து வழங்கப்பட்டது. மொரிஸ் 2009 அக்டோபர் 28 அன்று தமது 99 ஆவது வயதில் காலமானார்.

நடத்துநர்கள் பணியாற்றிய ரூட்மாஸ்டர் வகைப் பேருந்துகள் இலண்டனின் வழமையான சேவையிலிருந்து 2005 டிசம்பர் 9 அன்று விலக்கப்பட்டன. ஒரு நகரத்தில் இருவர் செய்த பணியை ஒருவரே அமர்ந்து செய்யும் நிலை இவ்வாறு முழுமை பெற்றது. பிற தொழில்களிலும் இதே போக்கு காணப்படுகிறது. 1949 இல் ஊதியம் பெறும் பணியின் ஒரு பகுதியாகவே கிடைத்த இயக்கத்தை, இன்று பெரும்பாலானோர் தமது சொந்த நேரத்திலிருந்து ஒதுக்கிப் பெற வேண்டியுள்ளது. அதற்கான நேரமும், பாதுகாப்பான நடைபாதையும், திறந்தவெளியும் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. ஆகவே உடல் இயக்கத்தைத் தனிமனிதரின் மனவுறுதிக்கு மட்டும் உரியதாக விட்டுவிடாமல், சாலை, பள்ளி, பணியிடம், பொதுப் போக்குவரத்து ஆகியவற்றின் வடிவமைப்பிலேயே அதற்கு இடமளிக்க வேண்டும் எனப் பொதுச் சுகாதார வல்லுநர்கள் வலியுறுத்துகின்றனர்.